துண்டுக்குள் ஏழாம் நம்பர்

1. ஆள் கொடுத்து ஆள் எடு

"அடிக்கற ஆள் இல்லாம டீம் எதுக்குங்க ஆபீசர்? கலைச்சுப்போடலாமுங்களா?"

சின்ன முதலாளி இப்படிக் கேட்டபோது நான் அவர் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அறைக்குள் நுழைந்ததுமே "உக்காருங்க, உக்காருங்க" என்று உபசரிக்கிற மனிதர் அன்றைக்கு உட்காரச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் மரியாதை குறைகிறது என்றால் கோபம் தலைக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

தொண்ணூறுகளில் அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் நான் லேபர் வெல்ஃபேர் ஆபீசராக இருந்தேன். கேண்டீனில் சாம்பார் தண்ணியாக இருப்பதிலிருந்து பதிலி ஆட்களின் சண்டை வரைக்கும் என் மேஜைக்குத்தான் வரும். அதோடு வாலிபால் டீமுக்கு மேனேஜர் என்கிற உபரி வேலையும் என் தலையில் கட்டப்பட்டிருந்தது. அப்போது பெரிய மில்கள் பலவும் டீம் வைத்திருந்தன. ஆட்டக்காரர்கள் மில்லில் வேலைக்கு இருப்பார்கள். பாதி ஷிப்ட் மெஷினில், மீதி நேரம் கிரவுண்டில்.

இப்போது ஆட்டக்காரர்களை டிவியில் ஏலம் விடுகிறார்கள். எங்கள் காலத்தில் ஏலம் கிடையாது, ஏஜென்ட் கிடையாது. தை பிறந்தால் டோர்னமென்ட் தொடங்கும், வைகாசியோடு முடியும். ஆனியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளம்பிவிட்டால் வெளிக் கிரவுண்டில் பந்து சொன்ன பேச்சு கேட்காது. ஆடி பிறந்துவிட்டாலோ யாரும் புது ஆளை வேலைக்குச் சேர்க்க மாட்டார்கள். ஆகவே யாரை விடுவது, யாரைச் சேர்ப்பது என்கிற பேச்செல்லாம் ஆனிக்குள் முடிந்தாக வேண்டும்.

அந்த வருஷம் எங்களுக்கு அடிக்க ஆள் இல்லை. வாலிபாலில் ஒருவன் பந்தைத் தூக்கிக் கொடுப்பான், அவன் லிஃப்டர். இன்னொருவன் எம்பி அடிப்பான், அவன் அட்டாக்கர். எங்கள் அட்டாக்கர் குமரேசன், ஏழாம் நம்பர் பனியன். முந்தின சித்திரையில் ஒரு டோர்னமென்ட் முடிந்து பைக்கில் தனியாகத் திரும்பும்போது லாரியில் மோதி இறந்துபோனான். அவன் போன பிறகு ஆடிய சீசனில் நாங்கள் முதல் சுற்றைத் தாண்டவே இல்லை. அவனை எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு தடவை எதிராளி அடிப்பதைத் தடுக்க நெட்டுக்கு மேல் கை நீட்டி பிளாக் செய்யும்போது பந்து பட்டு அவனுடைய வலது கை மோதிர விரல் எலும்பு நொறுங்கிவிட்டது. ஆறிய பிறகு அந்த விரல் மடங்கவே இல்லை. சோறு பிசையும்போது அது மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். கை குலுக்கினால் நம் மணிக்கட்டில் குத்தும். "ஊசி போட்டுட்டனுங்களா சார்?" என்று சிரிப்பான்.

சின்ன முதலாளிக்கு முன் இரண்டு வழிகளை வைத்தேன். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பழைய அட்டாக்கர் சும்மா இருந்தார். முழங்கால் கொஞ்சம் போய்விட்டது, ஆனால் பந்து எங்கே விழ வேண்டும் என்று தெரிந்தவர். நிரந்தர வேலை கொடுத்தால் வருவார். இன்னொரு வழி, தாராபுரம் பக்கத்து மில் ஒன்றில் இருந்த தங்கவேல். காளை மாதிரி அடிப்பான். ஆனால் அந்த மில்காரர்கள் அவனை விட வேண்டுமானால் எங்கள் பையன்கள் இரண்டு பேரைக் கேட்டார்கள்: லிஃப்டர் செல்வன், பிளாக்கர் ரபீக்.

"கால் போன ஆளுக்கு நிரந்தர வேலையா? சரிப்படாதுங்க. ஆள் குடுத்து ஆள் எடுங்க. பசங்க அஞ்சு வருசம் கழிச்சு அடிப்பானுங்கன்னு நான் காத்துட்டு இருக்க முடியாது. எனக்கு வர்ற தையிலயே கோப்பை வேணும். இல்லீன்னா டீம் வேண்டாம்."

"ரபீக்கை மட்டும் விட்டுட்டுப் பேசட்டுங்களா?"

"பேசிப் பாருங்க. அவங்க கேட்டாங்கன்னா குடுத்துப்போடுங்க."

ரபீக்குக்குப் பத்தொன்பது வயது. எங்கள் மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கில் வேலை செய்த அவன் அத்தா இறந்ததும், குமரேசன் போன சில மாதங்கள் கழித்து வேலைக்கு வந்தான். நான்காம் நம்பர். நிலைப்படியில் தலை இடிக்காமல் எந்த அறைக்குள்ளும் நுழைந்ததில்லை. உக்கடத்துப் பக்கம் வீடு. அம்மாவுக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. காலையில் அடுப்பைப் பற்றவைத்து, குடத்தில் தண்ணீர் நிறைத்து வைத்துவிட்டுத்தான் ஷிப்டுக்கு வருவான். அவனைத் தாராபுரத்துக்கு அனுப்பினால் அந்த அம்மாவின் கதி என்ன? இதைச் சின்ன முதலாளியிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் டெலிபோனை எடுத்துவிட்டார்.

2. ஈரம்

பேச்சுக்குப் போவதற்கு முன் பனியன்களை எண்ணிப் பார்க்கலாம் என்று டீம் பீரோவைத் திறந்தேன். சீசன் முடிந்ததும் துவைத்து, காயவைத்து, ரசகற்பூர உருண்டை போட்டு நானே பூட்டி வைத்தவை. சாவி என் மேஜை டிராயரில்தான் இருந்தது. எல்லாம் மொடமொடவென்று இருந்தன. குமரேசனுக்குப் பிறகு யாருக்கும் கொடுக்காத ஏழாம் நம்பர் மட்டும் அக்குளிலும் முதுகிலும் ஈரமாக இருந்தது. முகர்ந்து பார்த்தேன். வியர்வை. யாரோ ஐந்து செட் ஆடிவிட்டு இப்போதுதான் கழற்றிப்போட்டது போல வெதுவெதுப்பாகவும் இருந்தது.

நான் இந்த மாதிரி விஷயங்களை நம்புகிற ஆள் இல்லை. கூரை ஒழுகுகிறது என்று மெயின்டனன்ஸுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்த ஃபிட்டர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்த மாசத்துல மழையே பேயலீங்களே சார். காத்துத்தான அடிக்குது?"

"அப்ப எலி மூத்திரமா இருக்கும்."

"எலி நம்பர் பார்த்துப் பேயுமுங்களா?" என்று கேட்டுவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பனியனை வெயிலில் போட்டேன். சாயங்காலம் வரை காயவில்லை.

3. சந்தை

பேச்சுவார்த்தையை நடத்திவைக்கிறவர் நாச்சிமுத்து. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகர். வாலிபால் பைத்தியம். மாட்டுக்கு வைத்திருந்த வழக்கத்தை அப்படியே ஆட்டக்காரர்களுக்கும் கொண்டுவந்தவர் அவர்தான். சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் கைகோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, விரலைப் பிடித்துப் பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும். எங்கள் பேச்சில் விரல் என்பது பனியன் நம்பர். மூன்று விரலைப் பிடித்தால் மூன்றாம் நம்பர் ஆளைக் கேட்கிறார். கை முழுவதையும் பிடித்துவிட்டுப் பிறகு இரண்டு விரலைப் பிடித்தால் ஏழு. சம்மதம் இல்லையென்றால் விரலை உருவிக்கொள்ள வேண்டும். திருப்பி இறுக்கினால் முடிந்தது. அதற்கு மேல் பேச்சு கிடையாது.

ஆட்டக்காரர்கள் பக்கத்தில் நின்றாலும் யார் போகிறார்கள், யார் தங்குகிறார்கள் என்று தெரியாது, யாருக்கும் மனசு நோகாது என்பது நாச்சிமுத்துவின் நியாயம். பார்ப்பதற்கு நல்ல ஏற்பாடுதான்.

தாராபுரம் மில்லின் மேனேஜர் பழனிசாமி பையன்களை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். செல்வனையும் ரபீக்கையும் மில் வேனில் ஏற்றிக்கொண்டு சந்தை நாளில் பொள்ளாச்சிக்குப் போனேன். என்ன வேலை என்று அவர்களிடம் சொல்லவில்லை. கிணத்துக்கடவு தாண்டியதும் ரபீக் பின் சீட்டிலிருந்து முன்னால் குனிந்தான்.

"சார், எங்களைய வித்துப்போட்டீங்களா?"

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"போகச் சொன்னா போறேன் சார். ஆனா அம்மாவை அங்க கூட்டிட்டுப் போக முடியாதுங்க. இங்கன்னா ஊட்டுக்குள்ள தடவித் தடவி நடந்துக்குது. அங்க செவுரே தெரியாது."

எனக்கு அவமானமாக இருந்தது. படித்து, பரீட்சை எழுதி, தொழிலாளர் நலம் என்று பலகை மாட்டிய அறையில் உட்காருகிறவன் நான்.

சந்தையில் புழுதி. மேற்கிலிருந்து காற்று நிற்காமல் அடித்தது. மாடுகளெல்லாம் காற்றுக்கு முதுகைக் காட்டி ஒரே பக்கமாகத் திரும்பி நின்றன. நாச்சிமுத்து ஒரு புளிய மரத்தடியில் பெஞ்சு போட்டு வைத்திருந்தார். பழனிசாமி முன்பே வந்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் சந்தைக்கு வந்தால் யாருக்கும் சந்தைக் கண் வந்துவிடுகிறது. ரபீக்கைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முழங்காலைப் பார்த்தார்.

"கண்ணு, ஒருக்கா எம்பிக் காட்டு."

ரபீக் எம்பினான். புளியங்கிளையைத் தொட்டுவிட்டு இறங்கினான். இறங்கியதும் உள்ளங்கையை எதிர்த் தோளில் இரண்டு தடவை துடைத்தான். எனக்குச் சுருக்கென்றது. குமரேசன் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அப்படித்தான் துடைப்பான். ரபீக் குமரேசனைப் பார்த்ததே இல்லை.

பையன்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். பழனிசாமியும் நானும் வலது கையைக் கோத்துக்கொண்டோம். நாச்சிமுத்து தன் தோள் துண்டை உதறி மேலே போட்டு, காற்றில் பறக்காமல் இரண்டு முனையையும் பெஞ்சுப் பலகைக்கு அடியில் சொருகினார்.

பழனிசாமி மூன்று விரலைப் பிடித்தார். செல்வன். நான் உருவவில்லை. செல்வனுக்குச் சொந்த ஊரே தாராபுரம்தான், அவனுக்குச் சந்தோஷம்தான். அடுத்து நான்கு விரல். உருவிக்கொண்டேன். மறுபடியும் நான்கு. மறுபடியும் உருவினேன். மூன்றாவது முறை பிடித்தபோது அழுத்தம் அதிகமாக இருந்தது. சின்ன முதலாளியின் முகம் ஞாபகம் வந்தது. கலைச்சுப்போடலாமுங்களா. டீமைக் கலைத்தால் ரபீக்கோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் பாதி ஷிப்டும் போய்த் தெருவில் நிற்பார்கள். நான் உருவாமல் கொஞ்சம் யோசித்தேன்.

அப்போது பிடி மாறியது. கை முழுவதையும் பிடித்து, விட்டு, இரண்டு விரலைப் பிடித்தது. ஏழு.

ஏதோ தப்பாகப் பிடித்துவிட்டார் என்று நினைத்தேன். மறுபடியும் அதே. கை முழுவதும், பிறகு இரண்டு விரல். அந்தக் கை ஈரமாக இருந்தது. உள்ளங்கை காய்த்திருந்தது.

"அது இல்லீங்க, அந்த நம்பர் எங்ககிட்ட இல்லீங்க" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"எது இல்லீங்க?" என்றார் பழனிசாமி.

குரல் எனக்கு எதிரிலிருந்து வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் பெஞ்சை விட்டு எழுந்து நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் டீ கிளாஸ். இன்னொரு கையால் காற்றில் பறக்கிற வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் யோசிங்கன்னு சொல்லிப்போட்டுத்தானுங்க எந்திரிச்சேன். உங்களுக்கும் ஒரு டீ சொல்லட்டுங்களா?"

துண்டுக்குள் ஒரு கை என் கையை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் ஒரு விரல் மடங்காமல் குத்திக்கொண்டிருந்தது.

கத்தியிருக்க வேண்டும். உதறியிருக்க வேண்டும். இரண்டும் முடியவில்லை. பயத்தில் உடம்பு விறைத்தது, விறைத்த உடம்போடு கையும் இறுகியது. உள்ளே இருந்த கையை நான் நன்றாக, பலமாக இறுக்கிவிட்டேன்.

உடனே அது விட்டது. துண்டு காற்றுப் போன பந்து போல் அமுங்கியது.

"முடிஞ்சுதுங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"ஒண்ணும் முடியலீங்க. நாங்க யாரையும் குடுக்கறதா இல்லீங்க. மன்னிச்சுக்குங்க" என்று எழுந்தேன். பழனிசாமி டீயைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார்.

நாச்சிமுத்து துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏனுங்க ஆபீசர், துண்டு இறுகுனதை நான் பார்த்தனுங்களே? அவரு அந்தப் பக்கம் டீ குடிச்சிட்டு இருக்காரு, நீங்க யாருக்கு இறுக்குனீங்க?"

வேனை நோக்கி நடந்தேன்.

"துண்டுக்குள்ள முடிஞ்சத வெளிய வந்து மாத்தக் கூடாதுங்க" என்று பின்னாலிருந்து சத்தமாகச் சொன்னார். அவர் தொழில் அது, சொல்லத்தான் செய்வார்.

4. நாலு போய் ஏழு

திரும்புகிற வழியில் ரபீக் மட்டும் பேசினான்.

"சார், நான் அடிச்சா ஆகாதுங்களா?"

"நீ பிளாக்கர்டா."

"தெரியும் சார். ஆனா அடிக்க வருதுங்க. எப்படின்னு தெரியல, வருது."

மறுநாள் காற்றுக்கு மறைவாக கோடவுன் பக்கத்தில் நெட் கட்டி அடிக்கச் சொன்னேன். செல்வன் தூக்கிக் கொடுத்தான். ரபீக் உள்ளங்கையைத் தோளில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான். கடைசி எட்டு வைக்கும் முன் ஒரு சின்னத் தத்து. குமரேசனின் தத்து. பந்து தரையில் விழுந்து கோடவுன் சுவரில் அறைந்தது.

"இந்த ஓட்டத்தை உனக்கு யாருடா சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்லீங்க சார்."

சின்ன முதலாளியை அழைத்து வந்து காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் அவருக்கு மரியாதை திரும்பிவிட்டது. "அட, ஊட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கறமுங்களே! இவனே அடிக்கட்டும்." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். போகும்போது திரும்பி, "அட்டாக்கருக்கு ஏழாம் நம்பரைக் குடுங்க. அது காலியாக் கெடக்கறது நல்லாவா இருக்குது?" என்றார்.

வேறு பனியன் தைக்கக் கொடுக்கலாம் என்றேன். சின்னது, பத்தாது என்றேன். ரபீக் அதற்குள் பீரோவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். குமரேசன் அவனைவிட ஒரு சாண் குட்டை. ஆனால் பனியன் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"ஈரமா இருக்குதாடா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க சார். நல்லாக் காஞ்சிருக்கு."

தையில் கோப்பை வந்தது. சின்ன முதலாளி மில் முழுக்க லட்டு கொடுத்தார். பங்குனியில் தாராபுரம் பக்கத்து மில்லைப் பூட்டிவிட்டார்கள். பஞ்சு விலை, கரண்ட் கட், வங்கிக் கடன், அந்தக் காலத்துக் கதைதான். தங்கவேல் வேலை இல்லாமல் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். ரபீக்கைக் கொடுத்திருந்தால் அவனும் அந்தப் பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றிருப்பான். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். ஆபீசருக்கு ஆள் பார்க்கிற கண் இருக்கிறது என்றார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. புளிய மரத்தடியில் நடந்தது வெயில் செய்த வேலை, காலைச் சோறு சாப்பிடாத மயக்கம் என்று நானே எனக்குச் சொல்லி முடித்துவிட்டேன்.

சீசனின் கடைசி ஆட்டத்தில் பிளாக் செய்ய எம்பிய ரபீக் கையை உதறிக்கொண்டு இறங்கினான். மோதிர விரல். வலது கை.

மாவுக் கட்டுப் பிரித்த அன்று ஆஸ்பத்திரியில் நானும் இருந்தேன். டாக்டர் கையை மூடித் திறக்கச் சொன்னார். நான்கு விரல் மடங்கியது. ஒன்று நீட்டிக்கொண்டு நின்றது. போகப் போகச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். சரியாகாது என்று எனக்குத் தெரியும்.

"அடிக்கறதுக்கு இது ஒண்ணும் பண்ணாதுங்க சார்" என்று சிரித்துக்கொண்டே ரபீக் கை நீட்டினான். நான் பிடித்தேன். விரல் மணிக்கட்டில், அதே இடத்தில் குத்தியது.

"ஊசி போட்டுட்டனுங்களா சார்?" என்றான்.

5. நான் கற்றுக்கொண்டது

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் எனக்கு முழுக் கணக்கும் புரிந்தது. சந்தையில் நான் ரபீக்கைக் கொடுக்க மறுத்துவிட்டேன் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மறுக்கவில்லை. துண்டுக்குள் இருந்த கை ஏழாம் நம்பருக்கு ஆள் கேட்டது, நான் கையை இறுக்கிச் சம்மதம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பனியன் போய்ச் சேர்ந்துவிட்டது. தத்து, துடைப்பு, விரல், சிரிப்பு எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. குமரேசனிடமிருந்து இனி ரபீக்குக்கு வர வேண்டியது ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அது சித்திரை மாதத்து ரோட்டில் நடந்தது.

அன்றைக்கே டீமுக்கு ஒரு விதி போட்டேன். டோர்னமென்ட் முடிந்து யாரும் பைக்கில் திரும்பக் கூடாது, எல்லோரும் மில் வேனில்தான். எல்லோரும் கிண்டல் செய்தார்கள். பள்ளிக்கூட வேன் என்று பெயர் வைத்தார்கள். ரபீக் முதல் பைக் வாங்கப் போகிறேன் என்று வந்தபோது அவன் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். பைக் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன், காரணம் சொல்லவில்லை. சொன்னால் நம்புவார்களா என்று யோசித்தபடி நின்றேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்க முடியாமல் குரல் வந்த பக்கம் திரும்பி, "சரிங்க சார், நான் வேண்டாமுன்னு சொல்லிக்கறேன். அவன் தூக்கத்துல யாருகூடவோ பேசிட்டே இருக்கறான், அதயும் கொஞ்சம் என்னான்னு கேளுங்க" என்றது. நான் கேட்கவில்லை.

ரபீக் இன்றைக்கும் இருக்கிறான். தலை நரைத்துவிட்டது. பஸ்ஸில்தான் போகிறான். பண்டிகைக்குப் பண்டிகை பிரியாணி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவான். ஒவ்வொரு தடவையும், வீடு போய்ச் சேர்ந்ததும் போன் செய்யச் சொல்லுவேன். போன் வரும் வரைக்கும் நான் சாப்பிடுவதில்லை.

ஆள் எடுக்கிற வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். வளர்கிற பையனைக் கொடுத்து வளர்ந்த ஆளை வாங்குவதா, கையில் இருப்பவனை வைத்தே ஒப்பேற்றுவதா என்று கணக்குப் போடுங்கள், பேரம் பேசுங்கள், முதலாளியைச் சமாளியுங்கள். எல்லாம் பழகிவிடும். ஆனால் துண்டுக்குள் கையை விடுவதற்கு முன்னால், எதிரில் உட்கார்ந்திருப்பவரின் இரண்டு கைகளும் எங்கே இருக்கின்றன என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.